மண்வெட்டியும் மரபணுவும்

‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்’ என்று நம்மூரில் யாராவது சொன்னால் அதில் ஒரு கசப்பு இருக்கும். அநியாயத்தைச் சுட்டிக்காட்டத்தான் அதைச் சொல்வோம். அதே கருத்து டார்வின் பெயரோடு வந்தால் மட்டும் விஞ்ஞானமாகிவிடுகிறது. பேச்சு இடஒதுக்கீட்டைப் பற்றி இருந்தாலும் ரேஷன் அரிசியைப் பற்றி இருந்தாலும், “தகுதியுள்ளதுதான் பிழைக்கும், அது இயற்கை நியதி” என்று ஒருவர் முடித்துவைப்பார். அந்தத் தொடர் டார்வினுடையதுகூட அல்ல. 1864-இல் ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் எழுதியது. டார்வின் தம் நூலின் 1869 பதிப்பில்தான் அதை எடுத்துக்கொண்டார். யார் சொன்னது என்பது போகட்டும், அதற்கு ஏற்றிவைத்த பொருள்தான் தவறு.

இயற்கைத் தேர்வு நடக்க மூன்று விஷயங்கள் போதும். ஓர் இனத்து உயிர்களுக்குள் வேறுபாடு இருக்க வேண்டும். அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்க வேண்டும். அந்த வேறுபாட்டால் சிலருடைய பிள்ளைகள் மற்றவர்களுடைய பிள்ளைகளைவிட அதிகமாகப் பிழைத்து வளர வேண்டும். வலிமை, அறிவு, ஒழுக்கம் எதுவும் இந்தக் கணக்கில் தனியாக வரவில்லை. எந்த இடம், எந்தச் சூழல் என்பதைப் பொறுத்தே எல்லாம்.

அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். இந்த நோயில் அங்கே வேலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மாறுதல் இவ்வளவே. ஆனால் ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட இழைகளாகிறது. வட்டமாக இருந்த சிவப்பணு அரிவாள்போல் வளைந்து விறைத்து, நுண்ணிய குழாய்களில் சிக்கி ரத்தத்தை மறிக்கிறது. எலும்புக்குள் பிளப்பதுபோல் வலி, சோகை, அடிக்கடி தொற்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர் தாங்கி. பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துவிடுவார்.

மருத்துவம் இல்லாத காலத்தில் குழந்தைப் பருவத்திலேயே கொன்றுவந்த இந்த மரபணு எப்படி ஒழியாமல் இருந்தது? கென்யாவில் வளர்ந்த மருத்துவர் ஆண்டனி அலிசன் 1949-இல் அங்கே ரத்த மாதிரிகளைச் சேகரித்தபோது ஒன்றைக் கவனித்தார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக் கரையிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் தாங்கிகள். குளிர்ந்த மேட்டு நிலத்தில் ஏறக்குறைய யாருமே இல்லை. மலேரியாவும் அப்படியேதான் பரவியிருந்தது. தாங்கிகளுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது என்று அவர் 1954-இல் எழுதினார். பிற்கால ஆய்வுகள் அதை உறுதிசெய்தன.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் இந்த மரபணுவின் பங்கு பத்தில் ஒன்று என்றால், நூறு குழந்தைகளில் ஒன்று நோயோடு பிறக்கும், பதினெட்டு பாதுகாப்போடு பிறக்கும், எண்பத்தொன்றுக்கு நோயும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. கொசு மொய்க்கும் ஊரில் அந்தப் பதினெட்டின் ஆதாயம் மரபணுவைக் காப்பாற்றுகிறது. அந்த ஒரு குழந்தையின் சாவு அது மேலும் பெருகாமல் தடுக்கிறது. இதில் வல்லவன் யார்? பாதுகாப்புள்ள தாயும் தந்தையும் சேர்ந்தால்தான் அந்த நோயுள்ள குழந்தையே பிறக்கிறது. இதை நியதி என்று மெச்சிப் பேசுகிறவர் அந்தக் குழந்தை வலியில் துடிப்பதைப் பார்த்திருக்க மாட்டார்.

இந்தக் கதையில் மனிதனின் கை எங்கே இருக்கிறது என்பதை ஃபிராங்க் லிவிங்ஸ்டன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1958-இல் காட்டினார். மேற்கு ஆப்பிரிக்காவின் அடர்காட்டு நிழலில் மலேரியாவைப் பரப்பும் முக்கியமான கொசு முட்டையிடுவதில்லை. அதற்கு வெயில் படும் தேங்கிய நீர் வேண்டும். காட்டை வெட்டி எரித்து வள்ளிக்கிழங்கு பயிரிடத் தொடங்கியதும் அப்படிப்பட்ட குட்டைகள் பெருகின. பயிருக்குக் காவலாக மக்கள் நிலையாக ஊர்கட்டிக் குடியிருந்தார்கள். கொசுவுக்கு ரத்தமும் கிடைத்தது. மலேரியா வேரூன்றியது, அரிவாள் செல் மரபணு பெருகியது. மண்வெட்டி முதலில், மரபணு பின்னால். மனிதர்களின் பழக்கம் சூழலை மாற்றியது. மாறிய சூழல் மனிதர்களின் உடலைத் தேர்ந்தெடுத்தது.

பாலிலும் இதே வரிசைதான். ஐரோப்பாவில் சுமார் 9,000 ஆண்டுகளாகப் பால் பயன்பட்டிருக்கிறது என்று பழைய மண்பாண்டங்களில் ஊறிய கொழுப்பு சொல்கிறது. வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்க உதவும் மரபணு அங்கே பரவலானதோ சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்புதான். கிழக்கு ஆப்பிரிக்க மேய்ப்பர்களிடம் அதே வேலையை வேறொரு மாற்றம் செய்கிறது.

மனித நடத்தைக்கு வரும்போதுதான் அவசரமும் குழப்பமும் அதிகம். ஆண் ஏன் அப்படி, பெண் ஏன் இப்படி என்பதற்கெல்லாம் கற்கால வேட்டையைக் காரணம் காட்டும் பேச்சு இன்று மலிந்துகிடக்கிறது. பசி, பயம், பிள்ளைப் பாசம் போன்றவற்றில் தேர்வின் தடம் இருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் பழக்கம் மாறும் வேகத்தை முதலில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 1970-களின் தொடக்கத்தில் நான்கை ஒட்டி இருந்தது; 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 1.8. இரண்டு தலைமுறையில் எந்த மரபணுவும் இதைச் செய்திருக்க முடியாது. பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், சம்பள வேலை, பிறந்த குழந்தை தங்கும் என்ற நம்பிக்கை ஆகியவை செய்த மாற்றம் இது. அதுவும் சந்ததியைப் பெருக்குவதுதான் உயிரின் குறிக்கோள் என்ற வாதத்துக்கு நேர் எதிர்த் திசையில்.

‘எங்கள் ரத்தத்திலேயே வியாபாரம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது’ என்ற சாதிப் பெருமையையும் இங்கேயே பேசிவிடலாம். ஐதராபாத்தில் உள்ள சிசிஎம்பி ஆய்வகமும் ஹார்வர்டும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் பல நூற்றாண்டுகள் பரவலாக நடந்த கலப்பு சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு நின்றுபோகத் தொடங்கியது; அகமணம் இறுகியது. அதன் தடம் மரபணுவில் உண்டு. திறமையாக அல்ல, நோயாக. ஒரு சிறிய கூட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் அபூர்வமான குறைபாடுகள் தாயிடமும் தந்தையிடமும் ஒருசேர இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இது இயற்கைத் தேர்வுகூட அல்ல. ஆரம்பத்தில் இருந்த சிலருக்குத் தற்செயலாக அமைந்தது வழிவழியாகத் தங்கிவிடுவது.

அரிவாள் செல் நமக்கும் தூரத்துச் செய்தி அல்ல. இந்தியாவில் அது முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடிகளிடம், 1952-இல். மலேரியா மலிந்திருந்த மலையடிவாரக் காடுகளில் அந்த மரபணு ஒரு காலத்தில் கவசம். மலேரியா ஒடுங்கிய இடத்தில் அதன் ஆதாயம் போய்விடுகிறது, வலி மட்டும் மிச்சம். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ஒழிப்பு இயக்கம் பழங்குடிப் பகுதிகளில் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பதாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அமெரிக்கா இந்த வழியில் ஒருமுறை சறுக்கியிருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் சில மாநிலங்கள் கருப்பின மக்களுக்குப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. தாங்கிக்கும் நோயாளிக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சரியாகச் சொல்லவில்லை. நோயே இல்லாத தாங்கிகள் வேலை இழந்தார்கள், காப்பீட்டுக்கு அதிகப் பணம் கட்டினார்கள். விமானப்படைக் கல்லூரி 1981 வரை அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்த நோயின் மூலக்கூறு காரணத்தை முதலில் காட்டிய லைனஸ் பாலிங், தாங்கிகளின் நெற்றியில் பச்சைகுத்தலாம் என்று 1968-இல் எழுதினார். நோபல் பரிசு பெற்றவரின் யோசனை!

இங்கே பரிசோதனை முடிவை அட்டையாகக் கையில் கொடுக்கிறார்கள். பெண் பார்க்க வரும் வீட்டார் அதைக் கேட்கும் நாள் தூரத்தில் இல்லை. தாங்கி நோயாளி அல்ல. தாங்கியல்லாத, நோயில்லாத ஒருவரை அவர் மணந்தால் எந்தக் குழந்தைக்கும் இந்த நோய் வராது. இரு தாங்கிகள் மணந்தாலும் ஒவ்வொரு பேற்றிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. கருவிலேயே கண்டறியவும் வழி உண்டு. அட்டையை நீட்டும் செவிலியர் இந்த நான்கையும், பழங்குடிகளான இருளரிடமும் பணியரிடமும் அவரவர் பேச்சிலேயே உட்கார்ந்து சொல்ல நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று சுகாதாரத் துறை முதலில் பார்க்கட்டும்.