பொறுமை எங்கே வேண்டும்?

தொண்டை கட்டிக்கொண்டால் சுக்கு, மிளகு, அதிமதுரம் என்று கைவைத்தியம் பார்ப்பது நம் வழக்கம். அதில் பிழையில்லை. ஆனால் குரல் கரகரப்பு 3 வாரங்களைக் கடந்த பின்னும் அதையே தொடர்வது ஆபத்து. குரல்நாணில் தோன்றும் புற்று, மிகச் சிறிதாக இருக்கும்போதே குரலை மாற்றிவிடும். ஆகவே தொடக்கத்திலேயே கண்டறியத்தக்கது. வலியில்லாத கழுத்துக் கட்டி, விழுங்குகையில் தடை, ஒரு பக்கக் காதில் மட்டும் நீங்காத வலி ஆகியவற்றையும் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். புகைப்பவர்களும், புகையிலை மெல்லுபவர்களும், மது அருந்துபவர்களும் தள்ளிப்போடவே கூடாது.

மாதக்கணக்கில் கரகரப்பைப் பொறுத்தவர்களே, திசுப் பரிசோதனை முடிவுக்குச் சில நாட்கள் காத்திருக்க இயலாமல் தவிக்கின்றனர். எடுத்த திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பொதிந்து, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிய பின்னரே நுண்ணோக்கியில் காண இயலும். சில வேளைகளில் சிறப்புச் சாயங்களும் தேவைப்படும். தாமதம் கெட்ட செய்தியின் அறிகுறி அன்று.

முடிவு வருமுன்னரே அழுவதும், ஒன்றுமில்லை என்று அடித்துச் சொல்வதும் நோயாளியைத் தனிமைப்படுத்துகின்றன. 'இன்னும் தெரியவில்லை' என்பதே அந்நாட்களின் உண்மை. அதை அவரிடம் சொல்லலாம். அவர் அறியாமல் அறிக்கையை வாங்கிச் செல்ல விரும்பும் உறவினரின் அன்பு புரிகிறது. எனினும் குரல் அவருடையது. அறுவைச் சிகிச்சையா, கதிர்வீச்சா என்று தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால் பேச வேண்டியவரும் அவரே. முடிவறிய வரும் நாளில் அவரையும் அழைத்து வாருங்கள். கேட்க விரும்புவனவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டால், நாவெழாத நேரத்தில் உதவும்.