குட்டி போட வைக்கலாமா?

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் கொத்தமல்லிக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த தோழி, சமையலுக்கு இல்லை, முயலுக்கு என்றாள். வீட்டில் ஒரு பெட்டை முயல் வளர்க்கிறாள். ஹாலந்து லாப் இனம், தொங்கு காது, காப்பி நிறம். பேச்சு சுற்றிச் சுற்றி விஷயத்துக்கு வந்தது. "பொண்ணாப் பொறந்துடுச்சுக்கா. ஒரு வாட்டியாச்சும் தாயாகிப் பாக்கட்டுமே. பொங்கோல்ல என் நாத்தனார் வீட்டுல ஒரு ஆண் முயல் இருக்கு. பிள்ளைங்களும் பொறப்புன்னா என்னன்னு தெரிஞ்சுக்கும். சேத்து விடலாமா?"

முயல் வளர்ப்பவள் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம். கொத்தமல்லி வாடுவதற்குள் காரணத்தைச் சொல்லி முடிக்க முடியவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தாய்மை நம்மவர்களுக்குப் பெரிய விஷயம். அதைக் கொண்டுபோய் நாய், பூனை, முயல் எல்லாவற்றின் கழுத்திலும் மாட்டிவிடுகிறோம். கருப்பையை எடுத்த முயல் எதையோ பறிகொடுத்ததுபோல் மூலையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வலி தீர்ந்ததும் கீரை எங்கே என்றுதான் தேடும். ஏக்கம் நம்முடையது.

சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில், ஹேம்ப்ஷயர் சாலையில், பழைய கேகே மகப்பேற்று மருத்துவமனைக் கட்டடம் இருக்கிறது. இப்போது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகம். 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 பிரசவங்கள் பார்த்து கின்னஸ் புத்தகத்தில் ஏறிய மருத்துவமனை அது. ஆறு வருடத்தில், 1972இல், 'இரண்டு போதும்' என்று அரசாங்கம் ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியது. 1987இல் அதையே திருப்பிப் போட்டு, வசதியிருந்தால் மூன்றும் அதற்கு மேலும் பெறுங்கள் என்றது. வீடு, பள்ளிக்கூட இடம், வருமானம் என்று பார்த்துப் பிள்ளை பெற்ற ஊர் இது. முயல் என்று வந்தால் மட்டும் ஆசை ஒன்றே போதும் என்று எப்படித் தோன்றுகிறதோ தெரியவில்லை.

முயலின் உடம்பு அப்படிக் கணக்குப் பார்த்துப் பெறுகிற உடம்பு இல்லை. நாய்க்குப் போல இதற்குப் பருவம் வந்து போவதில்லை. ஆண் சேர்ந்த பிறகு, அந்தத் தூண்டுதலில்தான் கருமுட்டையே வெளிவரும். அதனால் ஒருமுறை சேர்ந்தால் பெரும்பாலும் சினைதான். முப்பத்தொரு நாளில் குட்டி. ஈன்ற அன்றைக்கே ஆண் பக்கத்தில் இருந்தால் அன்றைக்கே மறுபடி சினைபிடிக்கும். குட்டிகள் நான்கு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். அண்ணன் தங்கை என்ற வித்தியாசம் எல்லாம் அவற்றுக்குக் கிடையாது. கடையில் "ரெண்டும் பொண்ணுதான்" என்று சொல்லிக் கொடுத்த ஜோடி ஒரு மாதம் கழித்துக் குட்டிகளோடு நின்ற கதையை முயல் வளர்க்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். சின்ன வயதில் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பது அனுபவசாலிக்கே தடுமாற்றம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கருத்தடை செய்த ஆண் முயல் மறுநாளே சாதுவாகிவிடாது. சில வாரங்கள் வரை அதனால் சினையாக்க முடியும். அதற்குள் ஒரே கூண்டில் விட்டுவிட்டு மருத்துவரைக் குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஈனும் காட்சியைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்கிறார்களே, பார்க்கக் கிடைப்பது என்ன என்று சொல்கிறேன். பிரசவத்துக்கு முன் தாய் தன் வயிற்று ரோமத்தையும் தாடைக்குக் கீழே உள்ள ரோமத்தையும் வாயால் பிடுங்கிப் பிடுங்கி வைக்கோலில் பரப்பும். சில இடங்களில் வெறும் தோல் தெரியும். குட்டிகள் பெரும்பாலும் விடியற்காலையில் வரும். பிள்ளைகள் எழும்போது எல்லாம் முடிந்திருக்கும். இளஞ்சிவப்பாக, கண் மூடி, ரோமமில்லாமல், விரல் நீளத்துக்குக் கிடக்கும். அந்த ரோமக் குவியல்தான் அவற்றுக்குச் சூடு. ஒன்று உருண்டு வெளியே வந்துவிட்டால் தாய் அதைக் கவ்விக்கொண்டு போய் உள்ளே வைக்காது. பூனைக்குத் தெரிந்த அந்த வேலை முயலுக்குத் தெரியாது. யாரும் பார்க்காவிட்டால் அது குளிர்ந்து செத்துப்போகும்.

பால் விஷயம் இன்னும் மோசம். தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் பால் கொடுக்கும். அதுவும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மற்ற நேரமெல்லாம் கூட்டின் பக்கமே வராது. இது காட்டில் எதிரிக்குக் கூட்டைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கப் பழகிய வழக்கம். வீட்டில் இருப்பவர்களுக்கோ அது தாய் கைவிட்டதாகத் தெரியும். ஆளுக்கொரு ஊசிக்குழலை எடுத்துப் பால் புகட்டத் தொடங்குவார்கள். பால் மூச்சுக்குழாயில் இறங்கும். அன்பால் சாகும் குட்டிகளில் பாதி இப்படித்தான் சாகின்றன என்பது என் சந்தேகம்.

தோழியின் முயல் ஹாலந்து லாப் என்றேன். நாத்தனார் வீட்டு ஆண் நெதர்லாந்து டுவார்ஃப். இரண்டுமே குள்ள இனம். அந்தக் குள்ளத்தனத்தைத் தருவது ஒரு மரபணு. ஒரு பிரதி இருந்தால் உருண்டை முகம், சின்ன உடம்பு, கடையில் நல்ல விலை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி வந்துவிட்டால் அந்தக் குட்டி தேறாது. பிறக்கும்போதே மற்றவற்றில் பாதி அளவுதான் இருக்கும். சில நாளில் இறந்துவிடும். வளர்ப்பாளர்கள் அதற்கு 'பீனட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு குள்ள முயல்களைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு இந்த விதி. பிள்ளைகளுக்குப் பிறப்பைக் காட்டப் போனவர்கள் நான்காம் நாள் எதைக் காட்ட வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். தப்பிப் பிழைத்தவற்றுக்கும் முகம் சப்பையாக இருந்தால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாமல் போகலாம். முயலின் பல் ஆயுசு முழுக்க வளரும். ஒன்றோடொன்று உரசித் தேயவில்லை என்றால் வாழ்நாள் முழுக்க மருத்துவரிடம் போய் வெட்டிவிட வேண்டும். தொங்கு காது பார்க்க அழகுதான். காது நோய் அவற்றுக்கு அதிகம் என்று லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் முயல் பண்ணை வைத்திருப்பவர்களை நம்மில் சிலர் முகம் சுளித்துப் பார்ப்பதுண்டு. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் அரசு ஆராய்ச்சி நிலையங்களே முயல் வளர்க்கின்றன. வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா எல்லாம் கறிக்கும் தோலுக்குமான இனங்கள். குளிர்ந்த மலையாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். எந்த ஆண், எந்தப் பெட்டை, என்றைக்குச் சேர்ந்தது, எத்தனை குட்டி என்று பதிவேட்டில் இருக்கும். ஒவ்வொரு குட்டியும் எங்கே போகப்போகிறது என்பது பிறப்பதற்கு முன்பே தெரியும். கறிக்காரனிடம் இருக்கும் இந்தக் கணக்கு செல்லமாக வளர்ப்பவனிடம் இல்லை என்பதுதான் என் கோபம். இங்கேயோ பகலில் 32 டிகிரி. முயலுக்கு வியர்க்காது, பெரும்பாலும் காது வழியாகத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். 30ஐத் தாண்டினால் தவிக்கும். பின்கட்டில் துணி காயும் இடத்தில் கூண்டை வைத்துவிட்டு வேலைக்குப் போகிற வீட்டில் சினை முயலின் பாடு என்ன ஆகும்?

சரி, குட்டிகள் பிழைத்து எட்டு வாரம் ஆகிவிட்டது. யாரிடம் கொடுப்பது? "கேட்டு வெச்சிருக்காங்கக்கா" என்பாள் தோழி. கேட்டு வைக்கத்தான் செய்வார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் பூனைக்கே 2024 செப்டம்பரில்தான் அனுமதி கிடைத்தது. முயலுக்கு எப்போதும் தடை இருந்ததில்லை. ஆகவே நாய்க்கு அலைய முடியாது, பூனைக்கு அனுமதி இல்லை என்ற வீடுகளிலெல்லாம் பிள்ளையின் பிடிவாதத்துக்கு முயல்தான் பதிலாக வாய்த்தது. இதனோடு முயல் ஆண்டும் சேர்ந்துகொள்ளும். 2011, 2023 இரண்டு முறையும் சீனப் புத்தாண்டு ஆசையில் வாங்காதீர்கள் என்று முயல் ஆர்வலர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆசை தீர்வது சில மாதத்தில். முயல் இருப்பது எட்டு, பத்து வருடம். இடையில் தேர்வு வரும், குழந்தை பிறக்கும், வீடு மாறும், யாருக்காவது ஆஸ்துமா என்பார்கள். பிறகு புளோக்கின் கீழ்த்தளத்திலோ பூங்காவிலோ விட்டுவிட்டு, புல் இருக்கிறது பிழைத்துக்கொள்ளும் என்று மனசைத் தேற்றிக்கொள்வது. கூண்டில் வளர்ந்த முயல் அப்படிப் பிழைக்காது. அது குற்றமும்கூட: முதல் தடவை பிடிபட்டாலே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

செலவைப் பற்றி நீட்டி எழுதவில்லை. முயல் தின்னும் டிமத்தி உலர்புல் கப்பலில் வருகிறது. எல்லாக் கால்நடை மருத்துவரும் முயல் பார்ப்பதில்லை. பார்ப்பவரிடம் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். 2020இல் முயல்களுக்கான ரத்தக்கசிவு வைரஸ் நோய் முதன்முறையாகச் சிங்கப்பூருக்குள் வந்தது. அதன்பின் தடுப்பூசிச் செலவும் சேர்ந்துவிட்டது. இதைக் குட்டி வாங்குகிறவரிடம் சொல்லிப் பாருங்கள், கேட்டு வைத்தவர்களில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று.

பொறுப்பாக இனப்பெருக்கம் செய்கிறவர்களே கிடையாது என்று சொல்லமாட்டேன். ஜோடி இரண்டின் பல்லையும் வம்சத்தையும் தெரிந்து, குள்ளத்துக்குக் குள்ளம் சேர்க்காமல், சினைக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, ஆண் குட்டிகளைப் பத்து வாரத்துக்குள் பிரித்து வைப்பவர்கள் உலகில் உண்டு. நான் அவர்களிடம் கேட்பது ஒரே கேள்வி: விற்ற முயலை ஆறு வருடம் கழித்து, நோயோடு, ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வீர்களா? ஆமாம் என்று உடனே சொல்கிறவர் செய்யட்டும். ஒரு அறையும் ஒரு கூண்டும் உள்ள நாமெல்லாம் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது.

துணை வேண்டும் என்பது நியாயம். முயல் கூட்டமாக வாழும் பிராணி. சிங்கப்பூர் ஹவுஸ் ராபிட் சொசைட்டி, பன்னி வொண்டர்லேண்ட், எஸ்பிசிஏ என்று இடங்கள் இருக்கின்றன. ஒருவர் வேண்டாமென்று விட்ட முயல்கள் அங்கே வீடு தேடிக் காத்திருக்கின்றன. முதலில் நம் முயலுக்குக் கருத்தடை, பிறகு கருத்தடை செய்த இன்னொன்றைத் தத்தெடுத்து மெதுவாகப் பழக்குவது. பெட்டைக்கு அறுவை செய்ய இன்னொரு காரணமும் இருக்கிறது. கருத்தடை செய்யாத பெட்டை முயல்களுக்கு நான்கு வயதைத் தாண்டியபின் கருப்பைப் புற்று மிகச் சாதாரணமாக வருகிறது. பாதிக்கும் மேல் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

2023 முயல் ஆண்டில் வாங்கிய குட்டிக்கு 2027இல் நான்கு வயது ஆகும். உங்கள் வீட்டில் இருப்பது பெட்டையாக இருந்து, இன்னும் கருத்தடை செய்யாமல் இருந்தால், முயல் பார்க்கும் மருத்துவரிடம் இந்த வாரமே ஒரு நாள் கேட்டு வாங்குங்கள்.