பல் மருத்துவமனையில் ஒரு சன்னல்

பல்வலியோடு போகிறவனுக்குக் காற்றைப் பற்றி என்ன கவலை என்பீர்கள். கவலைப்படத்தான் வேண்டும். நிமிடத்திற்கு 3 இலட்சம் முறைக்கு மேல் சுழலும் ஏரோட்டர் பல்லைக் குடையும்போது, சூடு தணிக்கப் பீய்ச்சும் நீர் நம் எச்சிலோடு கலந்து புகைபோல் எழுகிறது. அதன் நுண்துளிகள், நாம் எழுந்துபோன பின்னும் அறையில் மிதக்கின்றன. 2020-இல் கொரோனா பரவியபோது அவசர சிகிச்சை தவிர மற்றவற்றைப் பல் மருத்துவர்கள் நிறுத்தியது இதனால்தான்.

சென்ற மாதம் நான் போன இடத்தில், ஏ.சி.க்காகச் சன்னலை ஆணியடித்தே மூடியிருந்தார்கள்! அந்தப் பெட்டியோ அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விப்பது. வாயருகே வைத்து உறிஞ்சும் வலுவான குழாயும், திறந்த சன்னலும் பெரும் செலவா?

நம்மீதும் குற்றமுண்டு. இருமலை மறைத்து, "சும்மா சளிதான்" என்று நாற்காலியில் சாய்கிறோம். காசநோய் மலிந்த நாட்டில் அது சும்மாவா? அவசரமில்லாத பல் சிறிது காத்திருக்கட்டுமே.

"சன்னலைத் திறக்கக் கூடாதா சார்?" என்றேன். "புழுதி வரும் தம்பி" என்றார் மருத்துவர்.