இலைக்கு ஒரு நீதி, உலைக்கு ஒரு நீதியா?

1869ஆம் ஆண்டில் மடுல்சீமையிலே காப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறத் துகள் படரக் கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அந்த இலைகளைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்னும் அறிஞர் ஆராய்ந்து, இது ஒரு பூஞ்சணத்தின் வேலை என்று கூறி அதற்குப் பெயரும் சூட்டினார். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை இந்நோயை ஆராய்வதற்கென்றே இலங்கைக்கு வரவழைத்தனர். முதலாளியின் இலையில் பூஞ்சணம் பற்றியதும் கடல் கடந்து விஞ்ஞானம் ஓடி வந்தது!

அந்த மடுல்சீமையை உள்ளடக்கிய பதுளை மாவட்டத்திலே, ஸ்பிரிங்வெளி முதலாகத் தோட்டந்தோறும் வாழும் தொழிலாளியின் உலையில் ஏறும் உணவில் பூஞ்சணம் பற்றினால் ஓடி வருவது யார்? இதுவே நாம் கேட்கும் கேள்வி.

மலைநாட்டில் கடல் இல்லை. கடலின் விளைச்சல் இங்கே கருவாடாகவும் நெத்தலியாகவும் சாக்கில் ஏறி வருகிறது. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வரும் தாய், சோற்றுக்குத் துணையாகப் பிள்ளைகளுக்கு வைப்பது பெரும்பாலும் அதுதான். வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் மலைச்சாரலெங்கும் ஈரம் குடிகொள்கிறது. உப்பும் வெயிலும் போதிய அளவு கண்ட கருவாடு அந்த ஈரத்தையும் ஓரளவு தாங்கும். அரைகுறையாய் உலர்ந்த கருவாடோ கடையின் மூலையிலும் லயத்துப் பரணிலும் மீண்டும் ஈரத்தை உறிஞ்சுகிறது. பூஞ்சணம் முளைப்பதும் அங்கேதான்.

எல்லாப் பூஞ்சணமும் நஞ்சு சுரப்பதில்லை. ஆயினும் அஸ்பர்ஜிலஸ் பிளேவஸ் என்னும் இனம் சுரக்கும் அஃப்லடொக்சின், ஈரலைத் தாக்கும் கொடிய நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் 1,00,000க்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோதுதான் உலகம் இதனை அறிந்தது. அவை உண்ட நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று தெரிந்தது. 1974இல் இந்தியாவின் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த சோளத்தை உண்டு 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வேறு உணவு இல்லாமையால் உண்டார்கள், உண்டமையால் மாண்டார்கள். இந்நஞ்சு மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது உறுதி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் முதலாம் பிரிவில் சேர்த்துள்ளது. ஈரலழற்சி 'பி' நோய்க்கிருமியும் உடலில் இருந்துவிட்டால் ஆபத்து பன்மடங்காகிறது.

கருவாடெல்லாம் நஞ்சு என்று கூறி ஏழையின் சட்டியைக் கவிழ்ப்பது நம் நோக்கமன்று. அது மலிவான புரதம். அதனைப் பழிப்பது அறமாகாது. ஆனால் நஞ்சு எதில் உண்டு, எதில் இல்லை என்பதைக் கண் அறியாது, மூக்கும் அறியாது. மேலே படர்ந்த பூஞ்சணத்தைத் துடைத்தாலும் உள்ளே ஊறிய நஞ்சு போகாது. வீட்டு அடுப்பின் சூடும் அதனை அழிப்பதில்லை. ஆய்வுகூடம் ஒன்றே அறியும். மாதிரியை அரைத்து, மெதனோலில் நஞ்சைப் பிரித்தெடுத்து, கருவியில் ஏற்றினால், ஒரு கிலோவில் எத்தனை மைக்ரோகிராம் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். ஒரு கருவாட்டில் இருந்து அடுத்ததில் இல்லாமற் போகும் நஞ்சு இது. ஆகவே, சாக்கின் பல இடங்களிலிருந்தும் மாதிரி எடுத்தல் வேண்டும்.

இலங்கைக் கருவாட்டில் பல இனப் பூஞ்சணங்கள் வளர்வதை ஆராய்ச்சியாளர் 1990இலேயே எடுத்துரைத்துள்ளனர். அறிவு நம்மிடம் இல்லாமலில்லை. அதனைக் கடைவீதிக்குக் கொண்டுவரும் மனமே வேண்டும். சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ், பதப்படுத்தவிருக்கும் நிலக்கடலைக்குக் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என எல்லை வகுத்துள்ளது. மீனுக்கோ கருவாட்டுக்கோ அத்தகைய எல்லை அதில் இல்லை. எல்லை இல்லாத இடத்தில் சோதனையைக் கேட்பவரும் இல்லை! ஐரோப்பாவுக்கு ஏற்றும் சூரை மீனுக்கு ஹிஸ்டமின் சோதனை உண்டு, பாதரசச் சோதனை உண்டு. பிற நாட்டான் வயிற்றுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை நம் தோட்டத்துப் பிள்ளையின் வயிற்றுக்கும் காட்டலாகாதா?

சோதனையால் பயனென்ன என்று கேட்போர் 2021ஆம் ஆண்டை நினைக்கட்டும். அவ்வாண்டு மார்ச்சில், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் இருப்பதை ஆய்வுகூடம் காட்டியது; எண்ணெயைத் திருப்பி அனுப்ப உத்தரவு பிறந்தது. சோதித்தார்கள், ஆதலால் தடுத்தார்கள்.

ஆகவே மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்க் கருவாட்டுக்கும் அஃப்லடொக்சின் எல்லை வகுக்கப்படல் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் மழைக்காலந்தோறும் பதுளைச் சந்தையிலும் தோட்டக் கடைகளிலும் மாதிரி எடுத்து, அதன் முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கமாக வெளியிடல் வேண்டும். பதுளையில் எடுத்த மாதிரியைப் பதுளையிலேயே சோதிக்க வகை செய்தல் வேண்டும். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. நீர்வளத் தொழில்நுட்பமும் உணவு விஞ்ஞானமும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. அதன் ஆய்வுகூடத்துக்குக் கருவியும் ஆளும் சட்ட அங்கீகாரமும் கொடுத்தால் போதும்.

இதில் உழவருக்கும் பங்குண்டு. மொனராகலையிலும் பதுளைத் தாழ்நிலத்திலும் விளையும் சோளத்தையும் நிலக்கடலையையும் இதே பூஞ்சணம்தான் பற்றுகிறது. அருகில் ஆய்வுகூடம் இருந்தால், விளைவித்தவன் தன் தானியம் தூயது என்று சான்றுடன் பேரம் பேசலாம். வியாபாரி சொன்னதே விலை என்று தலைகுனிய வேண்டியதில்லை.

படித்த தமிழரே! உங்களுள் மருத்துவர் உண்டு, ஆசிரியர் உண்டு, சட்டம் அறிந்தோர் உண்டு. பிரதேச சபையிலும் மாகாண அலுவலகத்திலும் இக்கேள்வியை எழுப்புவது உங்கள் கடன். பூஞ்சணம் கண்ட கருவாட்டைக் கழுவிச் சமைக்காதீர், எறிந்துவிடுங்கள் என்று லயங்களில் எடுத்துச் சொல்வதும் உங்கள் கடன். ஆனால் எறிந்துவிடு என்று ஏழைக்குச் சொல்வதோடு கடமை முடிந்துவிடாது. எறிய வேண்டாத கருவாடு அவன் கைக்கு வரச் செய்வதே அரசின் கடமை.

காப்பி இலைக்கு அன்று கிடைத்த ஆராய்ச்சியை, கொழுந்து பறிக்கும் கைக்கு இன்று கேட்கிறோம். இது பிச்சையன்று, உரிமை!