லேப்டாப் ஆன் ஆகலையா? ‘மதர்போர்டு போச்சு’ன்னு சொன்னதும் நம்பிடாதீங்க!

2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசுப் பள்ளி மாணவர்கள் பலரின் வீட்டுக்கு முதல் லேப்டாப்பைக் கொண்டுவந்தது. அவற்றின் வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. திடீரென ஒருநாள் ஆன் ஆகவில்லை என்றால், வெள்ளிமலையில் இருப்பவர் கல்வராயன் மலையிறங்கி கள்ளக்குறிச்சிக்கு பஸ் பிடிக்கணும். அரை நாள் காலி. அதற்கு முன் பத்து நிமிஷம் வீட்டிலேயே பாருங்க என்பதுதான் என் கட்சி.

சார்ஜரைக் கழற்றுங்க. கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுங்க (உப்பியிருந்தால் மீண்டும் போடவே வேண்டாம்). பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடிங்க. உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்க. லைட்டே எரியலையா? அதே வோல்டேஜ், அதே பின் உள்ள வேறு சார்ஜரைப் போட்டுப் பாருங்க. ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பா? ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைங்க. படம் வந்தால் பழுது டிஸ்பிளே பக்கம்தான். பீப் சத்தம் வந்தால் ரேமைச் சந்தேகப்படலாம். கழற்றி மாட்டினாலே சில நேரம் சரியாகிடும்.

அப்பவும் உயிர் வரலைன்னா கடைக்குப் போங்க. ‘ஃபார்மட் பண்ணணும்’ என்றால், பவரே வராத மெஷினுக்கு ஃபார்மட் எதுக்குன்னு கேளுங்க.

பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022 டிசம்பர் 24-ல் இணையதளம் தொடங்கியது. நல்லது. ஆனால் சர்வீஸ் மேனுவலும் ஸ்பேர் பார்ட்ஸும் கள்ளக்குறிச்சி மெக்கானிக் அண்ணன் கைக்கும் வந்து சேரணுமே!