ஒரே பிரதி

பழைய எட்டு மில்லிமீட்டர் புரொஜெக்டர் ஒன்று படச்சுருளைக் கீறுகிறது, கிழிக்கிறது என்றால் அதற்கான காரணங்களைப் பட்டியலிடுவது கடினமன்று. ஆனால் அந்தப் பட்டியலுக்கு முன்பாகவே கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. இயந்திரம் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு அந்தச் சுருளைத்தானா நாம் அதற்குள் செலுத்தியிருக்க வேண்டும்?

திரையரங்கில் ஓடுவது ஒரு பிரதி. அது அறுந்தால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். நெகடிவ் வேறெங்கோ இருக்கிறது. வீட்டுப்படத்தின் கதை வேறு. 1923இல் கோடாக் நிறுவனம் 16 மி.மீ. சுருளை அறிமுகம் செய்தபோது, செலவைக் குறைக்கும்பொருட்டு ரிவர்சல் முறையைக் கைக்கொண்டது. கேமராவுக்குள் ஒளியை வாங்கிய அதே சுருள்தான் கழுவப்பட்டு, நேர்ப்படமாக மாறி, வீட்டுக்குத் திரும்பி வந்தது. 1932இல் வந்த 8 மி.மீ. சுருளும், 1965இல் வந்த சூப்பர் 8 சுருளும் பெரும்பாலும் இவ்வழியே சென்றன. ஆகவே வீட்டின் அலமாரியில் கிடக்கும் அந்தச் சிறு டப்பாவுக்குள் இருப்பது மூலமும் பிரதியும் ஒன்றேயான பொருள். ஐம்பது அடிச் சூப்பர் 8 சுருள் ஒன்று சுமார் மூன்று நிமிடம் இருபது விநாடி ஓடும். ஒரு மனிதர் உயிரோடு நடந்து வரும் காட்சி உலகிலேயே அந்த மூன்று நிமிடங்களில் மட்டும் எஞ்சியிருக்கக் கூடும்.

சேதத்தின் வடிவமே பழுதின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். சுருள் நெடுகிலும் ஒரே நேர்க்கோடாகக் கீறல் விழுந்தால், படம் விளக்கின் முன் நின்று செல்லும் வாசலில் தூசியோ, பழைய சுருள்களிலிருந்து உரிந்த பூச்சோ இறுகிப் படிந்திருக்கிறது என்று கொள்ளலாம். அதை உலோகத்தால் சுரண்டலாகாது. உலோகம் உண்டாக்கும் கீறலே அடுத்த சுருளைக் கீறத் தொடங்கும். துளைகள் கிழிந்திருந்தால் வாசலுக்கு மேலும் கீழும் இருக்க வேண்டிய தளர்ந்த வளைவு இழுபட்டுப் போயிருக்கலாம். சுருளை இழுக்கும் கொக்கி தேய்ந்திருக்கலாம். படம் குமிழியிட்டுக் கருகினால், சுருள் நின்ற பிறகும் விளக்கின் வெப்பம் நேராக அதன்மேல் விழுந்திருக்கிறது. பல ஆண்டுகள் ஓடாது கிடந்த இயந்திரத்தில் கிரீஸ் இறுகிப்போவதும், ரப்பர் பெல்ட் பிசினாக இளகுவதும் இயல்பு. மதிப்பற்ற சுருள் ஒன்றை ஓட்டி, பாதியில் நிறுத்தி, கீறல் எவ்விடத்தில் தொடங்குகிறது என்று பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

இவையனைத்தையும் சரிசெய்த பின்பும் ஆபத்து நீங்குவதில்லை என்பதுதான் நாம் வலியுறுத்த விரும்புவது. பழுது இயந்திரத்தில் மட்டும் இருப்பதன்று. 8 மி.மீ.யும் சூப்பர் 8உம் ஒரே அகலம் கொண்டவை. துளைகளின் அளவும் இடமும் வேறு. முன்னதில் துளைக்குத் துளை 3.81 மி.மீ., பின்னதில் ஏறத்தாழ 4.23 மி.மீ. ஒன்றுக்குரிய இயந்திரத்தில் மற்றொன்றை ஏற்றினால், எவ்வளவு சீராக எண்ணெயிட்ட இயந்திரமாயினும் அது துளைகளைக் கடித்துக்கொண்டுதான் போகும். இதற்கும் மேலாக, அசிடேட் சுருள் முதுமையில் சுருங்குகிறது. டப்பாவைத் திறந்ததும் காடியின் நெடி மூக்கில் ஏறினால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். சுருங்கிய சுருளின் துளை கொக்கி வரும் இடத்தில் இருப்பதில்லை. அங்கே பழுதற்ற புரொஜெக்டரும் கிழிக்கவே செய்யும்.

வீட்டுப்படம் வீட்டாருக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமும் சரியன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமில் ஜப்பானிய அமெரிக்கர்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்தபோது, டேவ் டட்சுனோ என்பவர் 8 மி.மீ. கேமராவால் இரகசியமாக எடுத்த காட்சிகள் 1996இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றன. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் ஆப்ரகாம் ஸப்ருடர் எடுத்த, கென்னடி சுடப்படும் காட்சி அரை நிமிடம்கூட ஓடாத வீட்டுப்படம்தான். அதன் மூலச்சுருளில் சில சட்டகங்கள் பின்னர் கையாளும்போது சேதமுற்றன. அவற்றை நாம் இன்றும் பார்க்க முடிகிறது என்றால், எடுத்த அன்றே மூன்று பிரதிகள் போடப்பட்டதுதான் காரணம். எந்தக் குடும்பம் தன் வீட்டுத் திருமண நாளன்றே மூன்று பிரதிகள் போட்டு வைத்தது?

இதற்கு ஒரு மறுப்பு எழும். இருட்டறை, புரொஜெக்டரின் இரைச்சல், சுவரில் நடுங்கும் ஒளி இவையெல்லாம் சேர்ந்ததுதான் வீட்டுப்படம். கணினித் திரையில் காண்பது அதன் நிழல் மட்டுமே என்பார்கள். இதை நாம் முற்றாக மறுக்கவில்லை. 2003 முதல் பல நாடுகளில் நடந்துவரும் 'ஹோம் மூவி டே' நிகழ்வுகளில் மூலச்சுருள்களையே திரையிடுகிறார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு சுருளையும் முதலில் கையால் சுற்றி, ஒட்டுகளையும் துளைகளையும் சுருக்கத்தையும் பார்த்த பிறகே ஏற்றுகிறார்கள். தாங்காது என்று தெரிந்தால் ஏற்றுவதில்லை. ஆசையும் நிதானமும் ஒருங்கே இருக்க இயலும் என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் சுருளைப் பரிசோதிக்க வேண்டும். பிறகு, பற்களும் கொக்கியும் இன்றி உருளைகளால் மட்டும் நகர்த்தும் ஸ்கேனரில் அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதன் பின்னரே, சுருள் தாங்குமெனில், பழுது நீக்கிய புரொஜெக்டரில் ஒருமுறை. ஸ்கேன் ஆகிவிட்டதே என்று சுருளைக் குப்பையில் இடுவதும் பிழை. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்த சுருள் பல கணினிக் கோப்புகளைக் காட்டிலும் நீடித்திருக்கக் கூடும்.

புரொஜெக்டருக்கு உதிரி பாகம் எங்காவது கிடைத்துவிடும். கிழிந்துபோன அந்தச் சட்டகத்தில் சிரித்துக்கொண்டிருந்த முகத்துக்குக் கிடைக்காது.