பொதிச்சோறும் கணக்கு நோட்டும்

வெள்ளறடைப் பக்கம் வாழும் நம் குடும்பங்களுக்கு இது பழகிய காட்சிதான். மாலை நேரத்தில் நாலைந்து இளைஞர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். "சேச்சி, நாளைக்கு எத்தனை பொதி?" என்று கேட்பார்கள். ஐந்து என்றால் குறித்துக்கொண்டு போவார்கள். மறுநாள் உலையில் ஐந்து பேருக்கு அரிசி கூடும். சோறும் தோரனும் ஊறுகாயும் வாழையிலையில் கட்டி வைத்தால், அவர்களே வந்து எடுத்துத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குப் போகும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தினர் 2017-இல் தொடங்கிய 'ஹிருதயபூர்வம்' என்ற இந்தப் பணி, பின்னர் கேரளத்தின் பல அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது.

அவர்களுடைய அரசியல் நமக்கு உடன்பாடா இல்லையா என்பது வேறு விஷயம். அங்கே வரிசையில் நின்று அந்தப் பொதியை வாங்குவோரில் குமரி மாவட்டத்து நோயாளிகளின் உறவினர்களும் உண்டு. நம் இனத்தார் உண்ணும் சோறு அது. அதைச் சுமந்து வரும் பிள்ளைகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்? இதுதான் என் கேள்வி.

கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, "படிப்பு கெட்டுவிடும்." 1969-இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், தொண்டைக் கல்லூரிப் படிப்போடு சேர்த்தே வைத்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தில் எந்தப் படிப்பும் கெடாது. தொலைக்காட்சியும் கைப்பேசியும் அதைவிட அதிக நேரத்தை விழுங்குகின்றன.

இரண்டாவது பதில், "நாம் பிழைக்க வந்தவர்கள், ஊர்க் காரியம் நமக்கெதற்கு?" காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்குப் பெயர் தந்த டாக்டர் சோமர்வெல்லும் வெளியிலிருந்து வந்தவர்தான். 1922-இல் எவரெஸ்ட் சிகரம் ஏற வந்தவர், நெய்யூர் மருத்துவமனையில் குவிந்து கிடந்த நோயாளிகளைப் பார்த்து மனம் மாறினார். பின்னர் பல ஆண்டுகள் அங்கேயே அறுவை மருத்துவராக உழைத்தார். இன்று அவரை அந்நியர் என்று இந்தப் பக்கத்தில் யார் சொல்கிறார்கள்? 2001 நவம்பர் 9-ஆம் தேதி இரவு பக்கத்து அம்பூரியில் மலை சரிந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். மண்ணுக்கு மொழி தெரியாது. நாளை நமக்கு ஓர் ஆபத்து என்றால் முதலில் ஓடி வருபவர் அடுத்த வீட்டுக்காரர்தான்.

இனிப் பண விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் என் மகனும் அவன் நண்பர்களும் நோயுற்ற ஒரு தோழனுக்காகக் கடை கடையாக ஏறி நிதி திரட்டினார்கள். முழுவதையும் கொண்டுபோய்க் கொடுத்தும் விட்டார்கள். பிறகு ஒரு கடைக்காரர், "மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, தம்பி?" என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. எழுதி வைத்தால்தானே சொல்ல முடியும்? ஒரு காசும் எடுக்காத பையன், பல நாள் அந்தக் கடை வழியே போகவில்லை. தவறு அவனுடையதன்று. பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுக்காத என்னுடையது.

கண்ணூர் மாவட்டம் மாட்டூலில் 2021-இல் நடந்தது நினைவிருக்கலாம். அபூர்வ நோயுற்ற ஒரு குழந்தையின் மருந்துக்கு 18 கோடி ரூபாய் தேவைப்பட்டது. சில நாட்களில் 46 கோடிக்கு மேல் வந்து சேர்ந்தது. போதும், இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தார்கள். மிஞ்சிய தொகையை அதே நோயுள்ள மற்றக் குழந்தைகளுக்கு ஒதுக்குவதென்று முடிவு செய்தார்கள். கேட்கத் தெரிவதைப் போல, போதும் என்று சொல்லவும் தெரியவேண்டும்.

ஆகவே நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. பொங்கல் விழாவுக்கு மட்டும் நன்கொடைச் சீட்டோடு பிள்ளைகளை அனுப்பாமல், பஞ்சாயத்துகள் நடத்தும் வலி தணிப்புப் பராமரிப்புப் பணியில் வீடு வீடாகச் செல்லவும் பழக்குவோம். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு நம் ரூபாயைவிட, அருகில் அமர்ந்து பேச ஒரு பிள்ளை பெரிது. இரண்டாவது, திரட்டும் ஒவ்வொரு காசுக்கும் ரசீதும் இருவர் கையொப்பமும் இருக்கட்டும். வரவு செலவை இதே இதழில் வெளியிடுவோம். மூன்றாவது, வாங்குபவரை நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்தார்கள். அது கோயிலுக்கும் ஏழைக்கும் போயிற்று. யாரும் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. அந்தக் கலயத்தை நாம் எப்போது அடுக்களையிலிருந்து எடுத்தோம்?

அடுத்த முறை வாசலில் அந்த இளைஞர்கள் வந்து நிற்கும்போது, எத்தனை பொதி என்று சொல்வதோடு நிற்க வேண்டாம். "எங்கள் பையனும் வருவான், கூட்டிக்கொண்டு போங்கள்" என்றும் சொல்லிப் பாருங்கள்.